தர்மமா? பாக்கியா?

கொத்தமங்கலத்துக்குப் பக்கத்தில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் அன்பர் ஒருவர், சென்ற கோடையில் என்னை அழைத்துப் போய்த் தமது தோப்பைக் காட்டினார். தோப்பின் இரும்புக் கதவுக்கு வெளியே, ரோட்டோரமாக ஒரு குழாய். அதன் கீழே ஆடுமாடுகள் குடிக்க ஒரு சிமெண்டுத் தொட்டி. உள்ளே ஆழ்துளைக் கிணற்று மோட்டார் ஓடும் வேளையில் அந்தக் குழாயில் தண்ணீர் வரும். மர்ஹூமான தம் தகப்பனாருக்கு நன்மை சேரட்டும் என்ற நிய்யத்தில் இதைச் செய்திருப்பதாகச் சொல்லி, "ஹஜ்ரத், இது ஸதகத்துல் ஜாரியாதானே?" என்று கேட்டார்.

"அதில் என்ன சந்தேகம்?" என்றேன். தாயாரை இழந்த ஸஃது இப்னு உபாதா (ரலி) அவர்கள், எந்த தர்மம் சிறந்தது என்று பெருமானார் (ஸல்) அவர்களிடம் கேட்டபோது, தண்ணீர் என்று பதில் வந்ததும், உடனே அவர்கள் ஒரு கிணறு தோண்டித் தாயாரின் பெயரால் அர்ப்பணித்ததும் அபூதாவூதில் வந்திருக்கிறது. அதை அவருக்கு எடுத்துச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

நாங்கள் நின்றிருந்த இடத்துக்குச் சற்றுத் தள்ளி, வேலிக்கருவை நிழலில், ஏழெட்டு ஆடுகளோடு ஒரு மூதாட்டி உட்கார்ந்திருந்தார். மோட்டார் போடும் நேரத்துக்காகக் காத்திருக்கிறார் என்று தெரிந்தது. "ஆத்தா, தினம் இங்கேதான் தண்ணி காட்டுறீங்களா?" என்று பேச்சுக் கொடுத்தேன். "ஆமாய்யா. ராவுத்தர் மனசு வச்சிருக்காக, குடிக்குதுக. முன்னெல்லாம் கம்மாயில தண்ணி கெடந்துச்சு. அப்ப ஆரு மனசு வைக்கணும்?" என்றார். குறையாகச் சொல்லவில்லை. ஆட்டின் காதில் ஒட்டியிருந்த முள்ளை எடுத்தபடியே சொன்னார்.

அந்தச் சொல் என்னை வீடு வரை விடவில்லை. நான் அவ்வளவு சுளுவாகக் கொடுத்த பதில் சரிதானா? ஒருவருக்கு மார்க்கம் ஏற்கெனவே உரிமையாகக் கொடுத்த பொருளை, இன்னொருவர் தர்மமாகக் கொடுக்க முடியுமா? வாசகர்கள் முன் அதை வைத்துப் பார்க்கிறேன்.

முதலில் பூமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். காரைக்குடிச் சீமையில் வற்றாத ஆறு என்று ஒன்று கிடையாது. ஐப்பசி கார்த்திகையில் பெய்கிற மழைதான் வருஷத்துக்கு. அந்த மழையைப் பிடித்து வைக்க முன்னோர் வெட்டியவைதான் கண்மாய்களும் ஊரணிகளும். தமிழ்நாடு முழுவதும் 39,000க்கு மேற்பட்ட பாசனக் கண்மாய்கள், ஏரிகள் உண்டு. சிவகங்கை, இராமநாதபுரம் ஜில்லாக்களில் அவை நெருக்கி நெருக்கிக் கிடக்கின்றன. ஒரு கண்மாய் நிரம்பினால் கலிங்கு வழியாக அடுத்த கண்மாய்க்கு. அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கு. கொத்தமங்கலம், பள்ளத்தூர், கானாடுகாத்தான் போன்ற நகரத்தார் ஊர்களில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அந்தப் பெரிய வீடுகளின் ஓட்டில் விழும் மழை முற்றத்துக்கு வந்து, அங்கிருந்து தெருவுக்கு வந்து, தெருவிலிருந்து ஊரணிக்குப் போகும்படி ஊரையே வாட்டம் பார்த்துக் கட்டினார்கள். பர்மாவிலும் மலேயாவிலும் சம்பாதித்த பணத்தில் படித்துறை கட்டி, கல் பாவினார்கள். வீடுகளைப் பார்க்க இன்று வெளிநாட்டார் வருகிறார்கள். 2014ஆம் ஆண்டில் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் தற்காலிகப் பட்டியலிலும் ஏறின. வீட்டைப் படம் பிடிக்கிறவர்கள் அந்த வீட்டுத் தண்ணீர் எங்கே போய்ச் சேர்ந்தது என்று பார்ப்பதுண்டா என்று எனக்குத் தெரியாது.

கண்மாய் என்றால் நமக்கு நெல் மட்டும்தான் நினைவுக்கு வருகிறது. ஆயக்கட்டில் நிலம் உள்ளவனுக்கு அது நெல். நிலமே இல்லாதவனுக்கு அது வேறு. ஆட்டுக்குக் குடிநீர், நீர் வற்றிய உள்வாயில் முளைக்கும் புல், கரையோரத்து விறகு, குயவருக்கு மண், கோடையில் தண்ணீர் வற்றுகிறபோது ஊரே ஊத்தாவும் வலையுமாக இறங்கி அள்ளுகிற மீன். ஒருநாள் குழம்பு என்று இதை இளக்காரமாக நினைக்க வேண்டாம். என்.எஸ். ஜோதா என்ற பொருளாதார அறிஞர், தமிழ்நாடு உள்ளிட்ட 7 மாநிலங்களின் வறண்ட பகுதிகளில் 80க்கு மேற்பட்ட கிராமங்களை ஆராய்ந்து 1986இல் ஒரு கணக்கு வெளியிட்டார். பொது நிலம், பொதுக் குளம், பொதுக் காடு இவற்றிலிருந்து ஏழைக் குடும்பங்களுக்குக் கிடைப்பது அவர்களுடைய மற்ற வருமானத்தில் 14 முதல் 23 சதவீதம் அளவுக்கு இருக்கிறது என்பது அதில் ஒன்று. பணக்காரக் குடும்பத்துக்கு அதில் கிடைப்பது சொற்பம். ஏழைகளுக்கென்று பங்கு வைக்கப்பட்ட பொது நிலத்தில் பெரும்பகுதி கடைசியில் ஏழையல்லாதவர் கைக்கே போய்ச் சேர்ந்தது என்பது இன்னொன்று. ஆக, கண்மாய் தூர்ந்துபோனால் ஊருக்கு நஷ்டம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோமே, அந்த நஷ்டம் எல்லார் வீட்டிலும் ஒரே அளவாக விழுவதில்லை. நிலமுள்ளவன் போர் போட்டுக்கொள்வான். ஆடு வைத்திருப்பவள் எங்கே போவாள்?

இங்கே ஒரு விஷயத்தை மறைத்துவிட்டுப் போக எனக்கு மனமில்லை. அந்தக் காலத்து ஊரணி எல்லாருக்கும் பொதுவாக இருந்தது என்று நான் சொன்னால் அது பாதி உண்மைதான். குடிதண்ணீர் ஊரணிப் படியில் கால் வைக்கக்கூடாது என்று சில ஜாதியாரை நிறுத்தி வைத்திருந்த ஊர்கள் இந்தச் சீமையில் உண்டு. படியில் நிற்பவர் யாராவது இரங்கி ஊற்றினால்தான் அவர்கள் குடத்தில் தண்ணீர். பழையதை மீட்கவேண்டும் என்று பேசுகிற நாம், அந்தப் பழையதையும் சேர்த்து மீட்டுவிடக் கூடாது.

இனி மார்க்கத்துக்கு வருவோம்.

தண்ணீர், புல், நெருப்பு ஆகிய மூன்றிலும் மக்கள் பங்காளிகள் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் அறிவித்தது அபூதாவூதிலும் இப்னு மாஜாவிலும் இடம்பெற்றுள்ளது. முஸ்லிம்கள் என்ற சொல்லோடு பிரபலமான இந்த ஹதீஸ், மனிதர்கள் என்ற சொல்லோடும் அறிவிக்கப்பட்டுள்ளது. ஃபிக்ஹுடைய இமாம்களும் இதில் மதம் பார்க்கவில்லை. ஆதமுடைய மக்கள் அனைவருக்கும், அவர்களுடைய பிராணிகளுக்கும் தாகம் தீர்க்கிற உரிமை உண்டு என்று எழுதி, அந்த உரிமைக்கு ஹக்குஷ் ஷஃபா, அதாவது உதட்டின் உரிமை என்று பெயரும் வைத்தார்கள். வயலுக்குப் பாய்ச்சுகிற உரிமை வேறு. அதற்கு ஷிர்ப் என்று பெயர். அது பங்கு போட்டது, அளவு உள்ளது, பங்குக்காரனுக்கு மட்டும் உரியது. உதட்டின் உரிமைக்கு அளவும் கிடையாது, பட்டாவும் கிடையாது.

ஹிதாயாவில் ஓர் இடம் இருக்கிறது. ஓதுகிற காலத்தில் அதை நான் பரீட்சைக்காகப் படித்துக் கடந்துவிட்டேன். ஒருவனுடைய சொந்த நிலத்தில் கிணறோ ஊற்றோ இருக்கிறது. தாகத்தோடு ஒருவன் வருகிறான். பக்கத்தில் வேறு பொதுத் தண்ணீர் இருந்தால், என் நிலத்துக்குள் வராதே என்று தடுக்க நிலக்காரனுக்கு அனுமதி உண்டு. வேறு தண்ணீர் இல்லையென்றால்? ஒன்று நீயே தண்ணீரை வெளியே கொண்டுவந்து கொடு, இல்லையேல் கரையை உடைக்காமல் அவனே வந்து எடுத்துக்கொள்ள விடு என்று நிலக்காரனுக்குச் சொல்லப்படும். விதைக்காமல் தானாக முளைத்த புல்லுக்கும் இதே சட்டம்தான். இதைப் பார்த்தால், தோப்புக்காரருடைய அதிகாரம் எதைப் பொறுத்திருக்கிறது? வெளியே கண்மாயில் தண்ணீர் கிடப்பதைப் பொறுத்திருக்கிறது! கண்மாய் நிரம்பியிருந்தால் அவர் கதவைச் சாத்தலாம். கண்மாய் காய்ந்துபோனால் அந்தக் கதவின் மீது ஆட்டுக்காரிக்கு உரிமை வந்துவிடுகிறது.

ஷாஃபியீ மத்ஹபின் கிதாபுகளில் இது இன்னும் துலக்கமாக இருக்கிறது. தன் தேவைக்குப் போக மிஞ்சிய கிணற்று நீரை, அருகே மேய்ச்சல் இருந்து, வேறு பொதுத் தண்ணீர் இல்லாதபோது, பிறருடைய கால்நடைகளுக்கு விலையின்றி விடுவது வாஜிப். பிறர் பயிருக்கு விடுவது வாஜிப் அல்ல. கால்நடைக்கு உயிர் இருக்கிறது, அதற்குக் கண்ணியம் உண்டு என்பது காரணம். ஆனால் வாளியும் கயிறும் இரவல் கொடுக்க வேண்டும் என்பது அவன்மீது கடமையில்லை. வருகிறவன் தன் வாளியோடு வரட்டும்.

இப்போது நம் அன்பரின் குழாயை மறுபடி பாருங்கள். அந்தத் தொட்டியில் விழுவது இரண்டு வஸ்துகள். ஒன்று தண்ணீர். இன்னொன்று அந்தத் தண்ணீரை மேலே கொண்டுவந்த மோட்டாரும் பைப்பும், அதாவது வாளியும் கயிறும். வாளியும் கயிறும் அவருடைய தர்மம். அதற்குரிய நற்கூலியை அல்லாஹ் அவர் தகப்பனாருக்குக் கொடுப்பானாக. ஆனால் தண்ணீர்? ஆடு குடிக்கிற தண்ணீர் வாஜிபாக அவர் விடவேண்டியது. பாக்கியைத் தீர்த்துவிட்டு, தர்மம் செய்தேன் என்று எழுதிக்கொள்ள முடியாது. நான் தோப்பில் சொன்ன பதில் பாதிதான் சரி.

இதற்கு ஓர் ஆட்சேபம் உண்டு, நியாயமான ஆட்சேபம். அவர் தம் சொந்த நிலத்தில்தானே போர் போட்டார்? அதனால் கண்மாய் காயவில்லையே? பக்கத்துக் கிணறு வற்றினால்கூட அவர்மீது குற்றம் உண்டா?

உள்ளதைச் சொல்கிறேன். நம் ஹனஃபீ ஃபிக்ஹில் குற்றம் இல்லை. தன் சொந்த நிலத்தில் ஒருவன் கிணறு தோண்ட, பக்கத்து நிலத்துக் கிணற்று நீர் அவன் கிணற்றுக்கு இழுபட்டுப் போனாலும் அவனைத் தடுக்க முடியாது என்பதே தீர்ப்பு. ஒரு கடைக்குப் பக்கத்தில் இன்னொரு கடை வைத்து முதல் கடையின் வியாபாரம் படுத்துப்போனால் இரண்டாமவனை மூடச் சொல்ல முடியாதல்லவா, அதுபோல என்று, துருக்கியின் உஸ்மானிய ஆட்சியில் 19ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட மஜல்லா என்ற சட்டத்தொகுப்பு உதாரணமும் சொல்கிறது. இந்திய நாட்டின் 1882ஆம் ஆண்டு ஈஸ்மெண்ட் சட்டமும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. தமிழ்நாட்டில் நிலத்தடி நீரைக் கட்டுப்படுத்த 2003இல் ஒரு சட்டம் இயற்றினார்கள். அதையும் 2013இல் ரத்து செய்துவிட்டார்கள். ஆக, கோர்ட்டுக்குப் போனாலும் காஜியிடம் போனாலும் தோப்புக்காரர் ஜெயிப்பார்.

ஆனால் அந்தத் தீர்ப்பை எழுதிய இமாம்களின் கண்ணுக்கு முன்னால் இருந்த கிணறு எது? மனிதன் இறைக்கிற கிணறு. அதிகம் போனால் ஒட்டகமோ மாடோ இழுக்கிற கிணறு. கை ஓய்ந்தால் இறைப்பு நிற்கும். மாடு களைத்தால் நிற்கும். அந்தக் களைப்புதான் அந்தக் காலத்து நிலத்தடி நீருக்குக் காவலாக இருந்தது. அப்படியிருந்தும் பாழ்நிலத்தில் ஒருவன் தோண்டிய கிணற்றைச் சுற்றி 40 முழத்துக்குள் இன்னொருவன் தோண்டக்கூடாது என்று எல்லை வகுத்தார்கள். இன்றைய மோட்டாருக்குக் களைப்பு கிடையாது. 1990 முதல் விவசாயப் பம்புசெட்டுக்கு மின்சாரமும் இலவசம். ஆகவே பாக்கெட்டுக்கும் களைப்பு கிடையாது. பல நூறு அடி ஆழத்திலிருந்து இரவு பகலாக இழுக்கிற ஒரு கருவிக்கு, கமலை இறைத்த காலத்துத் தீர்ப்பை அப்படியே பொருத்துவதா என்பதை மூத்த உலமாக்கள் கூடி ஆராய வேண்டும். என்னளவில், தீங்கு செய்யவும் கூடாது, பதிலுக்குத் தீங்கிழைக்கவும் கூடாது என்ற ஹதீஸின் கனம் இந்த இடத்தில் அந்தப் பழைய தீர்ப்பைவிட அதிகமாக எனக்குப் படுகிறது. நான் சொல்வது ஃபத்வா அல்ல; என் அபிப்பிராயம்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. ரூமா கிணற்றின் சரித்திரம் நம் வீடுகளில் குழந்தைகளுக்கும் தெரியும். மதீனாவில் நல்ல தண்ணீருக்குக் கஷ்டம் இருந்த நாளில், அந்தக் கிணற்றை வாங்கி விடுகிறவருக்கு சுவர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் சொல்லப்பட்டது. ஹள்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள் வாங்கினார்கள். ஆனால் அந்த ஹதீஸில் உள்ள நிபந்தனையை நாம் மிம்பரில் சொல்வதில்லை. வாங்குகிறவருடைய வாளி மற்ற முஸ்லிம்களின் வாளிகளோடு ஒன்றாக இருக்க வேண்டும் என்பதே அந்த நிபந்தனை. கொடுத்தவருக்கென்று தனி நேரம் இல்லை, முதல் முறை இல்லை. அவருடைய வாளியும் வரிசையில் ஒன்று.

ஆழ்துளைக் கிணற்றில் அந்த நிபந்தனையை எப்படி நிறைவேற்றுவீர்கள்? ஆறு அங்குலக் குழாய்க்குள் எந்த ஏழையின் வாளி இறங்கும்? சுவிட்சு யார் வீட்டுச் சுவரில் இருக்கிறதோ அவருடைய வாளிதான் அங்கே இறங்கும். மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். அதுதான் அந்த மூதாட்டி சொன்ன "மனசு வைக்கிறது". கண்மாய் அப்படியல்ல. அங்கே ஆட்டுக்காரியின் குடமும் இறங்கும், ஆயக்கட்டுக்காரரின் குடமும் இறங்கும். ஏழைக்கு மார்க்கம் கொடுத்த உரிமை, தண்ணீர் அவளுடைய கைக்கு எட்டுகிற இடத்தில் கிடக்கும் வரைதான் உரிமையாக இருக்கிறது. பாதாளத்துக்குப் போய்விட்டால், கிதாபில் அந்த உரிமை அப்படியே இருக்கும். அவள் கையில் இருக்காது.

நபித்தோழர்களில் அப்யழ் இப்னு ஹம்மால் (ரலி) என்பவர், யமன் தேசத்து மஃரிபில் உள்ள உப்பு வெட்டும் இடத்தைத் தமக்குத் தரும்படி கேட்டார். பெருமானார் (ஸல்) அவர்கள் கொடுத்தார்கள். அவர் எழுந்து போன பிறகு, சபையிலிருந்த ஒருவர், யா ரஸூலல்லாஹ், தாங்கள் அவருக்கு எதைக் கொடுத்தீர்கள் என்று தெரியுமா, வற்றாத ஊற்றைப் போன்றதையல்லவா கொடுத்துவிட்டீர்கள் என்று சொன்னார். உடனே அந்த மானியம் திரும்பப் பெறப்பட்டது. திர்மிதியிலும் அபூதாவூதிலும் உள்ள செய்தி இது. கேட்டவர் ஸஹாபி; கொடுத்தவரோ நபி (ஸல்). அப்படியிருந்தும், எல்லாரும் போய் அள்ளுகிற பொருள் அது என்று தெரிந்ததும், கொடுத்தது கொடுத்ததுதான் என்று விட்டுவிடவில்லை. கண்மாய்க்குள் நாலு வரப்பு போட்டு, இருபது வருஷம் உழுது, அனுபவ பாத்தியம் பேசுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். நம்மவர்களிலும் அப்படிப்பட்டவர்கள் உண்டு. இல்லையென்று சொன்னால் பொய்யாகும். அரசாங்கமும் இதைத் தாமதமாகவேனும் உணர்ந்திருக்கிறது. கண்மாய் ஆக்கிரமிப்புகளை அகற்றத் தமிழ்நாட்டில் 2007இல் தனிச்சட்டம் வந்தது. கிராமத்துப் பொதுக் குளங்களை ஆக்கிரமித்தவர்களை வெளியேற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்று 2011 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் சொன்னது.

நான் சொல்ல வந்ததை அமீருல் முஃமினீன் உமர் (ரலி) அவர்கள் எப்போதோ சொல்லிவிட்டார்கள். அவர்கள் ரபதா என்னுமிடத்து அரசு மேய்ச்சல் காப்புக்கு ஹுனய் என்பவரைக் காவலராக நியமித்தபோது கொடுத்த உத்தரவு ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. சொற்ப ஒட்டகமும் சொற்ப ஆடும் உள்ளவனை உள்ளே விடும்படியும், இப்னு அவ்ஃபுடைய மந்தையையும் இப்னு அஃப்பானுடைய மந்தையையும் விட்டுவிடாதே என்றும் உத்தரவு. யாருடைய மந்தை? சுவர்க்கத்துக்கு நன்மாராயம் பெற்ற அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), உஸ்மான் (ரலி) ஆகியோருடையது! காரணமும் சொன்னார்கள். அவர்களுடைய மந்தை அழிந்தால் அவர்களுக்குப் பேரீச்சந்தோப்பும் விவசாயமும் இருக்கின்றன. ஏழையின் பத்து ஆடு அழிந்தால் அவன் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, அமீருல் முஃமினீனே என்று என் வாசலில் வந்து நிற்பான். அவனை நான் விட்டுவிட முடியுமா? தங்கத்தையும் வெள்ளியையும் எடுத்துக் கொடுப்பதைவிடத் தண்ணீரையும் புல்லையும் கொடுப்பது எனக்குச் சுலபம் என்றார்கள். அந்த ஜனங்கள் ஜாஹிலிய்யாக் காலத்திலேயே போராடிக் காத்த பூமி அது, நான் அதைக் காப்பாக்கியது அநீதி என்றுகூட அவர்கள் நினைப்பார்கள் என்பதையும் சேர்த்துச் சொன்னார்கள்.

நாம் இந்தக் கணக்கைத் தலைகீழாகப் போட்டு வைத்திருக்கிறோம். தண்ணீரையும் புல்லையும் போகவிட்டுவிட்டு, ரமளானில் தங்கத்தையும் வெள்ளியையும் பங்கு வைக்கிறோம். வரிசையில் நிற்கிறவர்களைப் பார்த்து, இந்த வருஷம் கூட்டம் அதிகம் என்று வியக்கவும் செய்கிறோம்.

உமர் (ரலி) அவர்கள் அங்கே ஒரு காவலரை வைத்தார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். பொது என்றால் கேட்பாரற்றது என்று அர்த்தமில்லை. எல்லாருக்கும் பொதுவான மேய்ச்சல் எல்லாராலும் அழிந்தே தீரும் என்று மேல்நாட்டில் காரெட் ஹார்டின் என்பவர் 1968இல் எழுதியதைப் படித்தவர்கள் பெரிய சத்தியமாகக் கொண்டாடினார்கள். எலினார் ஆஸ்ட்ரம் என்ற அம்மையார், ஊர்மக்கள் தாமே விதி வகுத்துக் காவலும் வைத்துக்கொண்டால் பொதுச்சொத்து தலைமுறை தலைமுறையாக நிற்கும் என்று உலகமெல்லாம் தேடிக் காட்டினார்; 2009இல் நோபல் பரிசும் பெற்றார். அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று ஸ்பெயின் நாட்டு வலன்ஸியாவின் வாய்க்கால்கள். அங்கே தண்ணீர் வழக்கு தீர்க்கும் பஞ்சாயத்து இன்றும் வியாழக்கிழமைதோறும் கூடுகிறது. அதன் வேர் முஸ்லிம்கள் ஆண்ட காலத்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள். அவ்வளவு தூரம் போவானேன்? நம் கண்மாய்க்கு நீராணி இருந்தார். மடை திறந்தார், முறை வைத்தார், அறுவடையில் களத்து நெல் வாங்கினார். ஊரே மண்வெட்டியோடு இறங்கும் குடிமராமத்து இருந்தது. ஆங்கிலேயர் அதைச் சட்டக் கட்டாயமாக்க 1858இல் ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள் என்றால், அப்போதே அது தளரத் தொடங்கிவிட்டது என்றுதான் பொருள்.

குடிமராமத்து நம் ஃபிக்ஹுக்கும் புதிதல்ல. பொது நதியைத் தூர்வாரும் செலவு பைத்துல்மாலுடையது. அங்கே பணம் இல்லையானால், ஜனங்கள் தாமாக இறங்கமாட்டார்கள் என்பதால், இமாம் அவர்களைக் கட்டாயப்படுத்தலாம் என்று ஹிதாயா கூறுகிறது. பலர் பங்குள்ள வாய்க்காலில் மராமத்துச் செலவு பங்காளிகள்மீது. தலைமடைக்காரன் கடைமடை வரை செலவில் சேர வேண்டுமா? வேலை தன் நிலத்தைத் தாண்டியதும் அவன் பொறுப்பு தீர்ந்தது என்பது இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்களின் சொல். இல்லை, முதலிலிருந்து கடைசி வரை எல்லாரும் சேர வேண்டும், ஏனெனில் மிஞ்சிய நீர் வடிய மேலே உள்ளவனுக்கும் கீழே உள்ள வாய்க்கால் வேண்டியிருக்கிறது என்பது இமாம் அபூ யூசுஃப், இமாம் முஹம்மது (ரஹ்) இருவரின் சொல். தண்ணீர் குடிக்க மட்டும் வருகிற ஜனங்கள்மீதோ ஒரு காசும் இல்லை. அதில் கருத்து வேற்றுமையும் இல்லை. ஆட்டுக்காரி உரிமை உள்ளவள், செலவு இல்லாதவள். உரிமைக்குக் கட்டணம் செலுத்தவில்லை என்பதற்காக அவள் குரல் கண்மாய்க் கூட்டத்தில் கேட்கப்படாமல் போனால் அது நம் கிதாபுக்கு மாறு.

அரசாங்கம் செய்யவில்லையா என்றால், செய்துதான் இருக்கிறது. 2005ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டத்தில் எத்தனையோ கண்மாய்களில் மண்வேலை நடந்தது. கூலி வீட்டுக்கு வந்தது. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன். 2017இல் 100 கோடி ரூபாய் ஒதுக்கிக் குடிமராமத்து என்ற பெயரையே புதுப்பித்தார்கள். மதுரையைச் சேர்ந்த தானம் அறக்கட்டளையார், 1992இல் தொடங்கிய வயலகம் வேலையின் மூலம், கண்மாய்தோறும் விவசாயிகளைச் சங்கமாகச் சேர்த்து அவர்கள் பங்குத் தொகையையும் வாங்கி மராமத்து செய்து வருகிறார்கள். பங்கு கொடுத்தவன் கரையில் ஒரு பொந்து விழுந்தாலும் பார்ப்பான். காண்டிராக்டர் போட்ட கரையை யார் பார்க்கிறார்கள்?

வேலிக்கருவையைப் பற்றியும் ஒரு சொல். அதை வேரோடு ஒழிக்க வேண்டும் என்று மதுரை ஐகோர்ட் கிளை 2017இல் முடுக்கிவிட்டபோது ஊர் ஊராக வெட்டினார்கள். கண்மாய்க்குள் அது இருக்கக்கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் இந்த ஜில்லாவிலும் இராமநாதபுரத்திலும் அதை வெட்டிக் கரிமூட்டம் போட்டுக் குடும்பம் நடத்துகிறவர்கள் யார்? கண்மாய் செத்த பிறகு மழையில்லாத வருஷங்களில் அந்த மரம்தானே அவர்களுக்குக் கஞ்சி ஊற்றியது? மூன்றில் ஒன்றான நெருப்பின் பங்கு அது. வெட்டுகிற உரிமையை மொத்தமாக ஏலம் விட்டு ஒரு காண்டிராக்டர் கையில் கொடுத்தால், மஃரிப் உப்பின் கதைதான் மறுபடியும்.

சிலர் என்னிடம், இதற்கு ஜகாத்திலிருந்து கொடுக்கலாமா என்று கேட்கிறார்கள். கூடாது. ஜகாத் ஒரு ஏழையின் கையில் அவருக்கே சொந்தமாகச் சேர வேண்டும். பள்ளி கட்டவோ பாலம் போடவோ வாய்க்கால் வெட்டவோ அது செல்லாது. இதனால்தானோ என்னவோ, கண்மாய் மார்க்கத்துக்கு வெளியே உள்ள விஷயம் என்று நம்மவர்கள் நினைத்துவிட்டார்கள். ஜகாத்தில் சேராத பாக்கிகளும் நம்மீது உண்டு. அவற்றை லில்லாஹ் பணத்திலும் உடம்பு உழைப்பிலும்தான் தீர்க்க முடியும்.

இவ்வளவும் யோசித்த பின் மறுபடி ஒரு நாள் அந்தத் தோப்புக்குப் போனேன். நான் சொன்னதை அன்பர் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, சற்று வருத்தத்தோடு, "அப்படீன்னா குழாயை மூடிடட்டுமா ஹஜ்ரத்?" என்றார். "லா ஹவ்ல! மூடிவிடாதீர்கள்! கண்மாயில் தண்ணீர் நிற்கும் வரை அது உங்கள்மீது வாஜிப்" என்றேன். கண்மாய்க்குள் வண்டல் எடுக்க விவசாயிகளுக்குக் கட்டணம் இல்லை, 2024 முதல் தாசில்தாரே அனுமதி கொடுத்துவிடுகிறார் என்பதை அவருக்குச் சொன்னேன். தென்னைக்கு வண்டல் நல்லது என்று அவரே சொன்னார். "ஆனா நான் ஒருத்தன் போய் ஊரைக் கூட்டினா, தோப்புக்கு மண்ணடிக்கத்தான் கூட்டுறான்னு சொல்லுவாங்களே" என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. வரத்துக்கால் எங்கே அடைபட்டிருக்கிறது என்று இருவரும் நடந்து போய்ப் பார்த்தோம். மூன்று இடத்தில் அடைப்பு. அதில் ஒன்று அவருடைய வேலிக்குள்ளேயே இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு ஆளை அனுப்பி மண்வெட்டி எடுத்துவரச் சொன்னார்.

திரும்பி வரும்போது அந்த மூதாட்டி குழாயடியில் காலித் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அன்றைக்குக் கரண்டு இல்லை. "நாளைக்கு எத்தனை மணிக்கு மோட்டார் போடுவாகன்னு கேட்டுச் சொல்லுங்கய்யா" என்றார்.